பின்னால் வரும் குரல்

என் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான எதையும் அதுவரை யாரும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. கேட்க வைத்திருக்கிறேன், அது வேறு. காரைக்காலில் ஆட்டோவின் மேல் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஒரு குரல் தெருத்தெருவாகப் போனால், அது பெரும்பாலும் நான் பதிவு செய்ததாகத்தான் இருக்கும். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, மாங்கனித் திருவிழா, கந்தூரி ஊர்வலம், நாளைக்குத் தண்ணீர் வராது என்ற செய்தி எல்லாமே தருமபுரத்தில் என் வீட்டுக் கொல்லைப்புறத்து அறையில் பிறந்தவை. வாசலில் ‘தென்றல் ரெக்கார்டிங்’ என்று பலகை மாட்டியிருக்கிறேன். என் மனைவி தையல்நாயகி அதைப் பார்க்கும்போதெல்லாம், “தென்றலாம்! ஊரையே தூக்கத்துலேருந்து எழுப்பிவுடுற ஆளு” என்பாள். மின்துறை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். தவறான பெயர்ப்பலகையைச் சகித்துக்கொள்ள மாட்டாள்.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் காஜா நஜ்முதீன் பாய் வந்தார். திருமலைராயன்பட்டினத்துக்காரர். அங்கே கப்பலுக்குப் போனவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கப்பலுக்குப் போய்ப் பியானோ வாசித்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். பெரிய பெரிய சுற்றுலாக் கப்பல்களில், வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் கூடத்தில், ஒரு ஓரமாக உட்கார்ந்து வாசிப்பது அவருடைய உத்தியோகம். சொந்தக்காரர்கள் கேட்டால் வீட்டில் “கப்பல்ல ஆபீசர்” என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்கள். இப்போது கடலை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார்.

“தம்பி, ஒரு ஜாஸ் ஆல்பம் போடணும். அமைதியா இருக்கணும். எல்லாம் பழைய பாட்டு, ஒம்போது பாட்டு. வாசிக்கிறது நானு. பாடுறதுக்கு விருந்தாளியா ஆளுங்க வருவாங்க.”

“சத்தம் எவ்வளவு வைக்கணும் பாய்?” என்றேன். என் தொழிலில் முதல் கேள்வி அதுதான்.

“பக்கத்து மேசையில பேசுறவங்க பேச்சு கெடக்கூடாது. அந்த அளவுக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. பேச்சைக் கெடுக்காத சத்தத்தை எதற்குப் பதிவு செய்ய வேண்டும்? ஆனாலும் மனிதர் முகத்தில் அப்படி ஓர் ஆசை தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு சரியென்றேன்.

பாண்டிச்சேரியிலிருந்து இரண்டு பேர் வந்து பாஸ் கிடாரும் டிரம்ஸும் வாசித்துவிட்டுப் போனார்கள். அந்த டிரம்ஸ்காரர் அடிக்கவே இல்லை. கம்பித் துடைப்பம் மாதிரி ஒன்றை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். முதல் நாள் எனக்குக் கொட்டாவி வந்தது. இரண்டாம் நாள் வரவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, இந்தப் பாட்டு முடியட்டும் என்று தையல்நாயகியிடம் சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தப் பாட்டுகளுக்கு ஸ்டாண்டர்ட்ஸ் என்று பெயராம். அமெரிக்காவில் நம் கொள்ளுத் தாத்தா காலத்தில் எழுதிய காதல் பாட்டுகள். யாருக்கும் சொந்தமில்லாததுபோல உலகம் பூராவும் எடுத்து அவரவர் போக்கில் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். சொல் அதேதான், மெட்டும் ஏறக்குறைய அதேதான். எங்கே இழுக்கிறார்கள், எங்கே விடுகிறார்கள் என்பதில்தான் ஆள் தெரியும் என்று பாய் விளக்கினார்.

பிறகு விருந்தாளிக் குரல்கள் வந்தன. தலத்தெருவிலிருந்து கீர்த்திகா, பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், மெல்லிசை மேடைகளில் பாடுகிறாள். பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த சுஹைனா. பாயின் அக்காள் மகள். வங்கி மேலாளர் கலைவாணன். அவருடைய கீழ்க்குரலில் கடன் கிடையாது என்று சொன்னால்கூட இனிமையாகத்தான் இருக்கும். மூவரும் அருமையாகப் பாடினார்கள். பாய் மூவரிடமும் சொன்னது ஒன்றுதான்: “கொஞ்சம் பின்னாடி வாங்க.” தாளம் விழுகிற இடத்தில் விழாமல், ஒரு மூச்சு தாமதித்து வரவேண்டும். அதுதான் ஜாஸில் அழகாம்.

எட்டுப் பாட்டுக்கு அந்தப் பின்னாடி ஒருவழியாக அமைந்தது. ஒன்பதாவதில் மாட்டிக்கொண்டோம். வீட்டு விளக்கை அணைக்காமல் வைத்திருக்கிறேன், நீ எந்நேரம் வந்தாலும் வழி தெரியட்டும் என்று ஒருத்தி பாடுகிற பாட்டு. முதலில் கீர்த்திகா பாடினாள். பின்னாடி என்றார். பாடினாள். இன்னும் பின்னாடி என்றார்.

“சார், இன்னும் பின்னாடி போனா நான் தலத்தெருவுக்கே போய்ச் சேந்துடுவேன்” என்றாள் அவள்.

சுஹைனா பாடினாள். கலைவாணன் பாடினார். ஒவ்வொரு முறையும் பாய் கண்ணை மூடி ஆவலாகக் கேட்பார். நாலு வரி போனதும் கண்ணைத் திறந்து, தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவர் மாதிரி விழிப்பார். மறுநாள் மூவரையும் மறுபடி பாட வைத்தார். சுஹைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “மாமா, இதுக்கு மேல லேட்டா வந்தா பாட்டே முடிஞ்சிடும்” என்று சொல்லிவிட்டுப் போனவள், அப்புறம் போனை எடுக்கவில்லை.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே குறைவு. அன்று அதுவும் தீர்ந்தது.

“பாய், ஒங்க காதுல யாரோ ஒருத்தர் பாடிக்கிட்டே இருக்காங்க. அவங்க மாதிரி இல்லன்னு இவங்கள வறுத்தெடுக்கிறீங்க. யார் குரல் அது? மொதல்ல அதச் சொல்லுங்க.”

அவர் பியானோக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் வெட்கப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

“எங்க வீட்டுலதான்” என்றார்.

ஆஸியா பீவி. பாயின் மனைவி. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில், சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போன் செய்வாராம். பிள்ளைகள் படிப்பு, உம்மாவின் சர்க்கரை, மீன் விலை எல்லாம் பேசித் தீர்ந்து, இருவருக்கும் பேச்சில்லாமல் போன ஒரு நாளில், போனை வைக்க மனசில்லாமல் அதைப் பியானோ மேல் சாய்த்துவிட்டு வாசித்திருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து முணுமுணுப்பாக ஒரு குரல் கூட வந்தது. கொஞ்ச நாளில் முணுமுணுப்புச் சொல்லானது. இங்கிலீஷ் சொல்லை எல்லாம் அவர் மெதுவாகச் சொல்ல, ஆஸியா பீவி கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டார். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருஷம். ஒருத்தர் ஏதோ ஒரு கடலோரம், ஒருத்தர் பட்டினத்துச் சமையலறையில்.

“அவ பாடுறது எப்புடின்னு சொல்றேன் கேளுங்க தம்பி. நான் வச்ச எடத்துல வரமாட்டா. நான் முன்னாடி போயி நின்னுகிட்டு திரும்பிப் பாப்பேன். அதுக்கப்புறந்தான் மெதுவா வருவா. அந்த வர்ற அழகு இருக்கே, அத யாருக்கும் சொல்லித்தர முடியல. இந்த ஆல்பமே அந்த ஒரு பாட்டுக்காகத்தான்னு வச்சுக்கங்களேன்.”

“அப்ப அவங்களயே கூப்புட வேண்டியதுதானே!”

“என் முன்னாடி பாடமாட்டா. ஒரு வரி பாடுனது இல்ல. லீவுல வந்தா வீட்டுல பியானோவும் கெடையாது, ஆள் இல்லாத நேரமும் கெடையாது. இப்ப கேட்டா, போங்க, எனக்கு வெக்கமா இருக்குங்கிறா.”

டீ கொண்டுவந்த தையல்நாயகி தட்டோடு நின்று முழுதையும் கேட்டுவிட்டாள். தட்டை வைத்தாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பட்டினத்துக்குப் போனாள். டீ ஆறி, பாயும் நானும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது ஆஸியா பீவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். அவர் கையில் ஒரு டப்பா நிறைய தம்ரூட் இனிப்பு. ரவையும் நெய்யும் மணந்தன.

“என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்த?” என்று காதைக் கடித்தேன்.

“ஒங்க வீட்டுக்காரரு ஊர்ப் பிள்ளைங்கள எல்லாம் அழ வைக்கிறாரு, நீங்க வந்து பாடுனாத்தான் நிறுத்துவாருன்னேன். ஒடனே பொடவைய மாத்திட்டாங்க.”

ஆஸியா பீவி அறையைச் சுற்றிப் பார்த்தார். “நான் என்ன பாட்டுக்காரியா? இதெல்லாம் நல்லாவா இருக்கு?” என்று சொல்லிக்கொண்டே ஹெட்போனை வாங்கித் தலைமுக்காட்டின் மேல் மாட்டிக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: பாய் தன் பக்கம் பார்க்கக்கூடாது. பாய் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்புறம், பதிவு செய்யும் என் அறைக்கு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவருடைய முதுகுகூடப் பதறியது.

ஏற்கெனவே பதிந்து வைத்த வாசிப்பை ஓடவிட்டேன். ஆஸியா பீவி பாடினார்.

எனக்கு ஜாஸ் தெரியாது. ஆனால் குரல் தெரியும். எத்தனையோ வருஷமாக அதில்தான் சோறு. காய்ந்த துணியை ஒவ்வொன்றாக மடித்து வைக்கிற மாதிரி, அவசரமும் இல்லாமல் அலட்சியமும் இல்லாமல் ஒரு குரல். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அதுவும் எப்படி? பியானோ விழுகிற இடத்தில் அச்சாக வந்து விழுகிறது. ஒரு மயிரிழை முன்னே பின்னே இல்லை.

பாய் சுவரிலிருந்து திரும்பினார். முகம் வாடிப்போயிருந்தது.

“இது அவ இல்லையே தம்பி” என்றார்.

உள்ளே இருப்பவரோடு பேசுகிற மைக்கின் பொத்தானில் என் முழங்கை இருந்ததை நான் கவனிக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப்புறம் ஆஸியா பீவி ஹெட்போனைக் கழற்றினார்.

“நான் இல்லாம வேற யாராம்?” என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். “இத்தன வருஷமா இதே பாட்டத்தானே பாடுறேன்? போன்ல நல்லா இருந்தது நேர்ல நல்லா இல்லாம போச்சா? அதுக்குத்தான் நான் வரமாட்டேன்னேன்.”

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆஸியா பீவி கேட்க நிற்கவில்லை. தையல்நாயகி என்னை ஒரு முறை முறைத்துவிட்டு அவரைச் சமையலறைக்கு அழைத்துப்போனாள். முழங்கை என்னுடையதுதான், ஆனால் வார்த்தை பாயுடையது. அந்தக் கோபத்தை நான் பாயிடம் காட்டினேன்.

“நல்லா இருக்கு பாய் நீங்க செய்யிறது! அப்புடிப் பாடுறாங்க, அவ இல்லங்கிறீங்க. போன்ல பாடுனாத்தான் அவங்களா? அப்ப போனயே போடுங்க. அவங்க சமையக்கட்டுல இருக்கட்டும், நீங்க இங்க இருங்க. எப்புடி இருக்குன்னு நானும் பாத்துடுறேன்.”

கோபத்தில் சொன்னதுதான். அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். போனை எடுத்து அழைத்தார். கொல்லையைத் தாண்டினால் சமையலறை. ஆனால் என் கூடத்துக்கு இரட்டைக் கதவு, சுவரெல்லாம் பஞ்சு. இங்கே இடி விழுந்தாலும் அங்கே கேட்காது. ஆஸியா பீவி எடுத்தார்.  பாய் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு எலெக்ட்ரிக் பியானோவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். முன்வாசிப்பு போயிற்று. பாட்டு வரவேண்டிய இடமும் போயிற்று. அவர் விடாமல் திரும்பவும் ஆரம்பத்துக்கு வந்தார்.

இரண்டாம் சுற்றில் போனிலிருந்து அந்தக் குரல் வந்தது. நிதானமாக, பியானோ போய் நின்ற பிறகு, அதன் பின்னாலேயே நடந்து வந்தது.

“இது!” என்றார் பாய், வாசித்துக்கொண்டே. முகமெல்லாம் சிரிப்பு. “இதுதான் தம்பி! கேக்குதா?”

கேட்டது. அவர் சொன்ன அழகும் புரிந்தது. இப்போதுதானே அச்சாகப் பாடினார், அதற்குள் எப்படி மாற்றிக்கொண்டார் என்று பார்க்கக் கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன். ஆஸியா பீவி மேசைமேல் போனை வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். போனில் பியானோ. இரண்டும் ஒன்றாக, ஒட்டிக்கொண்டு போயின. திரும்பக் கூடத்துக்கு ஓடினேன். இங்கே குரல் பின்னால் வந்தது. மறுபடி சமையலறை. சேர்ந்து போனது.

“என்னங்க, எலி புடிக்கிற பூனை மாதிரி உள்ளயும் வெளியயும் ஓடுறீங்க?” என்றாள் தையல்நாயகி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைப் போய் மூன்று பேரைத் திட்டித் திட்டிப் பாடச் சொல்லியிருக்கிறார் இந்த மனிதர்!

இருவரையும் கூட்டிவந்து உட்கார வைத்துச் சொன்னேன். “பாய், நீங்க வாசிக்கிறது போன்ல அக்காவுக்குப் போய்ச் சேர கொஞ்சம் நேரமாகுது. அவங்க அதோட சரியாத்தான் பாடுறாங்க. அது ஒங்களுக்குத் திரும்பி வர இன்னும் கொஞ்சம் நேரமாகுது. அதான் பின்னாடி வருது. அது ஜாஸ் இல்ல, போன்.”

பாய் நம்பவில்லை. கம்ப்யூட்டரில் ஆஸியா பீவி முதலில் பாடிய பதிவை எடுத்தேன். குரலை மட்டும் பிடித்து ஒரு துளி வலப்பக்கம் நகர்த்தி ஓடவிட்டேன். பாய் கண்ணை மூடிக்கொண்டார். அதே சிரிப்பு வந்தது. பக்கத்தில் ஆஸியா பீவி முகத்தைச் சுளித்தார்.

“ஐய, இது என்ன? அரத் தூக்கத்துலேருந்து எழுந்து வந்து பாடுற மாதிரி!”

“இதுதான் நீ” என்றார் பாய்.

ஆஸியா பீவி அவரைத் திரும்பிப் பார்த்தார். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“ஒங்களுக்கு நான் இப்புடியா கேட்டேன்? இத்தன வருஷமும்?”

“ஆமா. ஒவ்வொரு வரிக்கும், வருவியா மாட்டியான்னு இருக்கும் எனக்கு. வந்துடுவ. அப்புறம் அடுத்த வரி.”

“எனக்கு நீங்க பக்கத்துலயே இருந்தீங்க” என்றார் அவர். “நான் வாயத் தொறக்கையில ஒங்க கை விழும். ஒரு தடவகூட முன்ன பின்ன ஆனதில்ல. பிள்ளைங்கள வச்சுக்கிட்டு ஒண்டியாக் கெடந்த வீட்டுல, அந்தக் கொஞ்ச நேரந்தான் நீங்க வீட்டுல இருந்த மாதிரி இருந்துச்சு. அதனாலதான் பாடவே செஞ்சேன்.”

தையல்நாயகி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.  எனக்குப் பாயைத்தான் பார்க்க முடியவில்லை. தனக்குப் பிடித்த அந்தத் தாமதம் முழுக்க வெறும் தூரம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் தூரத்தின் மேல் ஆசை வைத்து, அதை ஓர் இசைத்தட்டில் பதித்து வைத்துக்கொள்ள வந்திருக்கிறார்.

மவுஸ் இன்னும் என் கையில்தான் இருந்தது. 

“பாய், எத வைக்க? நகத்துனதா, நகத்தாததா? ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒங்க ஆல்பம், நீங்கதான் சொல்லணும்.”

“நகத்தாதது போடுங்க” என்றார். போட்டேன். இம்முறை அவர் கண்ணை மூடவில்லை. ஆஸியா பீவியைப் பார்த்தபடியே கேட்டார். அவரும் பார்க்கக்கூடாது என்று சொல்லவில்லை. முதல் வரியில் பியானோவும் குரலும் ஒன்றாக விழுந்தபோது பாய் திடுக்கிட்டார். இரண்டாம் வரியிலும் அப்படித்தான். மூன்றாம் வரியில் தலையை ஆட்டினார்.

“நீ கேட்டது இதுவா?”

“இதுதான்.”

“அப்ப இதையே வைங்க தம்பி. தள்ளி இருந்ததெல்லாம் போதும்.”

நான் வேலை முடிந்ததென்று நினைத்து தம்ரூட் டப்பாவைத் திறந்தேன். ஆஸியா பீவி எழுந்து பாடும் அறைக்குள் போனார். பியானோவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

“போதும்னுட்டு என்ன, அங்கேயே உக்காந்துருக்கீங்க? வாங்க. வந்து வாசிங்க. பாத்துக்கிட்டே பாடுறேன்.”

பாய் போன வேகத்தில் நாற்காலி உருண்டது. நான் வாயில் தம்ரூட்டோடு பதிவுப் பொத்தானை அழுத்தினேன். பாஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை. அவர் வாசித்தார், இவர் பாடினார். இருவரும் ஒரே அறையில், ஒரு கை தூரத்தில். முதல் பாதி ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. அப்புறம், விளக்கை அணைக்காமல் வைத்திருக்கிறேன் என்கிற வரி திரும்ப வரும் இடத்தில், பாயின் கை நின்றுவிட்டது. மறந்துபோய் அல்ல. இத்தனை வருஷமாக அவருக்குப் பின்னால் வந்த குரல், இப்போது பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வாசிப்பதை விட்டுவிட்டார். ஆஸியா பீவி துணையில்லாமல் அந்த வரியைத் தனியாகப் பாடி முடித்தார். முடித்துவிட்டு, “இங்கதான் இருக்கேன், வாசிங்க” என்றார். ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது. யாருடையது என்று சொல்லமாட்டேன். பியானோ மறுபடி சேர்ந்துகொண்டது.

அந்த இடத்தை வெட்டிவிடச் சொல்லி இரண்டு பேருமே கெஞ்சினார்கள். பக்கத்து மேசைப் பேச்சு கெடுகிறது, பாட்டு கெடுகிறது என்று என்னென்னவோ சொன்னார்கள். நான் யார் பேச்சைக் கேட்டிருக்கிறேன்? ஆல்பத்தில் அது அப்படியேதான் இருக்கிறது.